கடாரப் பெருமையும் கங்காணிக் கணக்கும்

இராஜேந்திர சோழன் கடாரம் கொண்டு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டிய மேடைப் பேச்சுகள் ஓயவில்லை. மலாக்கா மேடைகளில் பேச்சு கடாரத்தோடு நிற்பதுமில்லை. மலாக்காவை நிறுவிய பரமேசுவரனும் நம்மவனே என்று போய் முடிகிறது. வந்தேறிகள் என்று ஏசப்படும் பிள்ளைகளுக்கு இது தெம்பு தருகிறது என்கிறார்கள், தருகிறதுதான். 1025 படையெடுப்பு கற்பனையுமல்ல. மலாக்கா சுல்தானகத்தில் தமிழ் முஸ்லிம் வழிவந்த துன் முத்தாகிர் பெண்டகாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்ததும் வரலாறு.

ஆனால் தொன்மை உரிமை வாங்கித் தருமா? காஜா பேராங் செட்டிகளைப் பாருங்கள். சுல்தானகக் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள். 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பிய சமூகம். வீட்டில் மலாய் பேசினாலும் சைவத்தை விடவில்லை. இவர்களே மண்ணின் மைந்தர் என்னும் பூமிபுத்ரா தகுதிக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடி வருகிறார்கள் என்றால், சோழன் பெயரைச் சொல்லி நாம் எதைப் பெறப்போகிறோம்?

என் நெடுநாள் மனக்குறை வேறு. அரசன் கதையையே கேட்டு வளர்ந்தவர்கள், ஆள்பவன் பக்கம் நின்றே எதையும் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். தோட்டத்தில் நம்மை ஆண்டவர் வெள்ளைக்காரத் துரை மட்டுமல்ல, ஆள் சேர்த்து வேலை வாங்கிய நம் கங்காணியும்தான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற சீனர் ரப்பர் நட்ட பிறகு, பால்மரம் வெட்ட ஆள் தேவைப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே போய், முன்பணம் கொடுத்து, சொந்தபந்தத்தைக் கப்பலேற்றினார். ஆள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவனையும் விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு இழுத்து நிறுத்தினால்தான் அந்தக் காசு கைக்கு வரும். பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. அடித்தவனும் தமிழன், அடிபட்டவனும் தமிழன் என்ற இந்தக் கதைக்கு மேடையில் இடமில்லை. ஏனென்றால் சோழப் பெருமை எல்லாரையும் ஒரே குடியாக்கி, நமக்குள் இருந்த அதிகாரத்தை மறைத்துவிடுகிறது.

1942க்குப் பிறகு சயாம் ரயில்பாதைக்கு ஜப்பானியர் வாரிக்கொண்டு போனது இந்த லயத்து ஆட்களைத்தான். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர்களும் இவர்களே. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இன்று வாடகை வீட்டில் இருக்கும் பலரின் நிலைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது, இராஜேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தில் இல்லை. பரமேசுவரன் எந்தச் சமயத்தவன் என்று மணிக்கணக்கில் வாதாடும் நம் பேச்சாளர்கள், அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஈடு கிடைத்தது என்று கேட்டு நான் அறியேன். தோளில் காண்டாக் கம்பு போட்டுப் பால் சுமந்த பெண்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த விழாவுக்குத் திரட்டும் பணத்தில் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தோட்ட அலுவலகங்களில் மக்கிக் கிடக்கும் செக்ரோல் எனும் ஆள்வருகைப் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள்.