விடுதியை நடத்துவது யார்? பேராதனை பற்றி ஒரு குறிப்பு

பேராதனையில் படித்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைத் தேடித்தேடிப் படிப்பது என் பழக்கம். நாலைந்தைத் தொடர்ந்து படித்தால் ஒரு சந்தேகம் வந்துவிடும்: இவர்கள் எல்லாரும் ஒரே பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்களா?

ஒரு பக்கம் 1950களில் படித்தவர்கள். ஹந்தானை மலைச்சாரல், நடுவே ஓடும் மகாவலி, பூமரங்கள் வரிசைகட்டிய வீதிகள், மேசைக்கே வந்து பரிமாறிய விடுதிப் பணியாளர்கள், வார்டனோடு உட்கார்ந்து சாப்பிட்ட முறைசார் இரவு விருந்துகள். எண்பது வயதுக்காரரும் இதை எழுதத் தொடங்கியதும் இருபதுக்குத் திரும்பிவிடுகிறார். மறுபக்கம் பின்னால் வந்தவர்கள். இவர்கள் எழுதுவதில் நெருக்கடியான அறைகளும், வேலைநிறுத்தங்களும், மாதக்கணக்கில் மூடப்பட்ட கம்பஸும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பகிடிவதையும் வருகின்றன.

இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டால், முதலாவது கூட்டத்தாரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். சிலர் வெளிப்படையாகச் சொல்வார்கள், சிலர் நாசூக்காகச் சொல்வார்கள். இலவசக் கல்வி வந்தது, தாய்மொழி வழிக் கல்வி வந்தது, கண்ட கண்ட ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள், கத்தி முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கள் வந்தார்கள், எல்லாம் கெட்டுப்போனது. சுருக்கமாக, வீடு நல்ல வீடு, குடிவந்தவர்கள்தான் சரியில்லை.

இந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டின் வரைபடத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது என்பதுதான் என் கட்சி. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கம் 1906இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்களால் தொடங்கப்பட்டது. 1921இல் கொழும்பில் கிடைத்தது பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும்தான். அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைதான் எழுதினார்கள். அடுத்து வந்தது இடம் பற்றிய சண்டை. வரலாற்று நூல்களில் இதைத் ‘தளங்களின் போர்’ என்றே சொல்வார்கள். கொழும்பிலேயே இருக்கட்டும் என்று ஒரு கட்சி, கண்டிப் பக்கம் போகவேண்டும் என்று இன்னொரு கட்சி. கண்டிக்காக விடாப்பிடியாக நின்றவர்களில் முக்கியமானவர் பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன. அந்தச் சண்டை ஊர்ப்பெருமைக்காக மட்டும் நடந்ததல்ல. மாணவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து விரிவுரை கேட்டுவிட்டுப் போகும் இடமா, அல்லது தங்கி வாழும் இடமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. தங்கி வாழும் கட்சி வென்றது.

1942இல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது மாணவர் தொகை ஆயிரத்தையும் எட்டவில்லை. பேராதனையில் ஒரு தேயிலைத் தோட்டமாக இருந்த நிலத்தில் பெட்ரிக் அபர்குரோம்பி வளாகத்தின் திட்டத்தை வகுத்தார். ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வடிவமைத்தார். கண்டிய பாணிக் கூரைகளும் கல்தூண்களும் அவர் கைவண்ணம். 1952இல் கலைப்பீடம் உட்படச் சில பகுதிகள் குடிபெயர்ந்தன. 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கனவே இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்த இடம் என்பதால், ‘வழக்கத்தை விட அதிகமாகத் திறந்திருக்கிறது’ என்று அவர் வேடிக்கையாக அறிவித்ததை இன்றும் நினைவுகூருகிறார்கள்.

ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். சாப்பாட்டு மேசையிலும், விளையாட்டுத் திடலிலும், நள்ளிரவு விவாதத்திலும் ஒரு மாணவர் கற்றுக்கொள்வது விரிவுரையில் கற்பதற்குக் குறைந்ததல்ல என்பது அவர் நம்பிக்கை. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. விடுதியும் ஒரு பாடத்திட்டம்தான். நேரசூசியில் இல்லாத பாடத்திட்டம்.

ஆனால் கேம்பிரிட்ஜிலிருந்து எது கப்பலேறி வந்தது, எது வரவில்லை என்று பார்க்கவேண்டும். அங்கே ஒரு கல்லூரி என்றால் சில நூறு மாணவர். படுக்கையும் சாப்பாடும் மட்டுமல்ல, கற்பித்தலில் ஒரு பெரிய பங்கும் கல்லூரிக்குள்தான். ஒருவரோ இருவரோ ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, தாங்கள் எழுதிய கட்டுரைக்குப் பதில் சொல்லவேண்டும். படிப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மற்றக் கஷ்டங்களைக் கேட்க இன்னொருவர். பிடிக்கிறதோ இல்லையோ, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பெரியவர் ஒவ்வொரு வாரமும் எதிரே இருப்பார்.

பேராதனையில் கட்டப்பட்டவை கல்லூரிகள் அல்ல, மண்டபங்கள். அருணாசலம், ஜயதிலக, மார்ஸ், ஹில்டா ஒபேசேகர, இராமநாதன், விஜேவர்தன என்று பெயர்கள் பெரியவை. கற்பித்தல் முழுவதும் பீடங்களிடம். மண்டபத்தில் தூக்கமும் சாப்பாடும். வார்டன் என்பவர் தன் துறையில் முழுநேரம் கற்பித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மண்டபத்தையும் பார்க்கிற ஒரு விரிவுரையாளர். அதாவது கல்லூரியின் உடம்பு வந்தது. ஒவ்வொரு மாணவரையும் ஒரு ஆசிரியரோடு கட்டிவைத்த கயிறு வரவில்லை.

மாணவர் தொகை சிறிதாக இருந்த வரைக்கும் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பாடசாலைகளிலிருந்து, ஒரே ஆங்கிலத்தோடு வந்தவர்கள். வார்டனுக்கு முகம் தெரியும், சில வேளை தகப்பனையும் தெரியும். கயிறு இல்லாவிட்டாலும் பழக்கம் இருந்தது. நினைவுக் குறிப்புகள் போற்றுவது மண்டபத்தின் அமைப்பை என்று நினைக்கிறோம். உண்மையில் அவை போற்றுவது ஒரு சின்ன வர்க்கத்தின் பரிச்சயத்தை.

இங்கே என் சொந்தக் கதையிலிருந்து ஒரு துண்டு. நான் பேராதனையில் படித்தவன் இல்லை. வேறொரு இடத்தில் விடுதியில் இருந்தேன், அதன் பெயர் இங்கே தேவையில்லை. முதல் நாள் ராத்திரி ட்ரங்குப் பெட்டியோடு போய் நின்றபோது அறை எது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சாப்பாட்டுக்கு யாரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு மூன்றாம் வருட அண்ணன். வார்டனை நான் முதன்முதலாகக் கண்டது நாலாவது மாதம், ஒரு கையெழுத்துக்காக. அந்த அண்ணன் நல்ல மனுசன், என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரியே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. குளியலறை எங்கே என்று காட்டுகிறவர் யாரோ, அவர்தான் அங்கே அரசாங்கம். அவர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் ஒருவனுடைய முதல் வருடம் முழுவதும் தொங்குகிறது.

1945க்குப் பிறகு வளர்ந்த இலவசக் கல்வியின் பலன் 1960களில் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தது. சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் கலைப்பீடத்துக்கு வந்தார்கள். நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. அவர்களுக்காகக் கூடியது என்ன? அறைக்குள் கட்டில்கள் கூடின. ஆசிரியரோடு கட்டும் கயிறு முன்பும் இல்லை, இப்போதும் வரவில்லை. பழைய பரிச்சயமும் போய்விட்டது. இவ்வளவு பேரை யார் வரவேற்பது, யார் வழி காட்டுவது? அந்த வெற்றிடத்தில் சீனியர் வந்து உட்கார்ந்தார்.

பகிடிவதை 1960களில் முளைத்தது அல்ல. அது பிரிட்டிஷ் முறையோடு சேர்ந்து வந்த பழைய சரக்கு, ‘பொற்காலத்திலும்’ இருந்தது. பொற்காலத்துக்காரர்கள் அதைச் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். முன்பு விளையாட்டாகச் சொல்லப்பட்டது பிறகு ஆட்சிமுறை ஆனது. என்ன உடுப்பது, எந்தப் பாதையால் நடப்பது, யாரோடு கதைப்பது என்பதையெல்லாம் சீனியர் தீர்மானிக்கும் ஆட்சி. இதற்கு அவர்கள் சொல்லும் நியாயத்தைக் கவனித்துக் கேளுங்கள். எல்லாரையும் சமமாக்குகிறோம், பணக்காரத் திமிரை உடைக்கிறோம், ஒற்றுமையை உண்டாக்குகிறோம், ஆளுமையை வளர்க்கிறோம். விடுதி வாழ்க்கை ஆளை உருவாக்கும் என்ற பழைய வாதத்தின் எதிரொலிதான் இது. பாடத்திட்டம் அப்படியே இருக்கிறது, வாத்தியார் மாறிவிட்டார்.

அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரியும். 1975இல் இராமநாதன் மண்டபத்தில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவர் ஆனார். 1997இல் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவர் சீனியர்கள் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார். வதைத்தவர்களும் தமிழர்களே. இதை நாங்கள் மறைத்துப் பேசக்கூடாது. மறுவருடம், 1998இல், பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். முதல் நாள் ராத்திரி குளியலறையைக் காட்ட ஒரு ஆளை அது நியமிக்காது.

தமிழ் மாணவருக்கு இன்னொரு பயமும் சேர்ந்து இருந்தது. 1983 மே மாதத்தில், கறுப்பு ஜூலைக்கு இரண்டு மாதம் முன்னரே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் சக மாணவர்களால் தாக்கப்பட்டார்கள். பலர் வளாகத்தை விட்டு ஓடவேண்டி வந்தது. விரிவுரைகள் மொழிவாரியாகப் பிரிந்த பிறகு, சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒன்றாக இருக்கக்கூடிய இடமாக மிஞ்சியது விடுதிதான். ஒரே கூரைக்குக் கீழே படுக்கவைத்தால் போதும், உறவு தானாக வளரும் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த மே மாதம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

அப்படியானால் தங்கிப் படிக்கும் முறையே தப்பா? இல்லை, அப்படிச் சொன்னால் நானும் பாதிக் கதை சொன்னவன் ஆவேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றில் ஆடியவர்கள் மாணவர்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். ஆட்டமும் தாளமும் இரத்தத்தில் ஊறிய பிள்ளைகள் ஒரு வளாகத்தில் தங்கியிருந்தார்கள், மாலைகள் அவர்கள் கையில் இருந்தன. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடும் மாணவரை வைத்துக் கூத்துப் பழக்க முடியாது. சிங்களப் பக்கத்தில் சரச்சந்திரவின் நாடக முயற்சிகளுக்கும் இதே காரணம் ஒரு பங்காவது இருந்திருக்கும்.

குன்றின் மேல் இருக்கும் குறிஞ்சிக்குமரன் கோயிலையும் சொல்லவேண்டும். மாணவர்களின் முயற்சியில் எழுந்த கோயில் அது. ‘குப்பி’ என்ற வழக்கம் இன்னொன்று. குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். பாடம் விளங்கிய மாணவர் ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். காசு இல்லை, சான்றிதழ் இல்லை. ஆசிரியரோடு கட்டும் கயிறு இல்லாத இடத்தில் மாணவர்கள் தங்களுக்குள் திரித்துக்கொண்ட கயிறு என்று இதை நான் பார்க்கிறேன். சீனியரின் அதிகாரம் வளர்ந்த அதே மண்ணில்தான் குப்பியும் வளர்ந்தது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள் என்பது இரண்டுக்கும் அடிப்படை. யாரும் பார்க்காத இருட்டில் அது வதையாகவும், நடுவில் ஒரு விளக்கும் ஒரு புத்தகமும் இருந்தால் குப்பியாகவும் ஆகிறது.

இப்போதெல்லாம் பல்கலைக்கழகங்கள் தங்கள் வசதிகளைப் பட்டியல் போடுகின்றன. இத்தனை விடுதிகள், இத்தனை கட்டில்கள், உடற்பயிற்சிக் கூடம், இணைய இணைப்பு. பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கட்டில் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். முதல் ராத்திரி என் பிள்ளையை வரவேற்பது யார்? மூன்று நாள் அறையை விட்டு வெளியே வராவிட்டால், பெயர் சொல்லிக் கதவைத் தட்டப்போகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் ஒரு பெரியவரின் பெயரைச் சொல்ல முடியாத விடுதி, எவ்வளவு அழகான கூரை போட்டிருந்தாலும், சீனியரின் நல்ல மனதை நம்பித்தான் நடக்கிறது.

‘வழக்கத்தை விட அதிகமாகத் திறந்திருக்கிறது’ என்ற அந்த வேடிக்கை வாக்கியம் எனக்குப் பிடிக்கும். பேராதனையின் கதவு பிறகு உண்மையிலேயே அகலத் திறந்தது, கோமகன் நினைத்ததை விடவும் அதிகமாக. திறந்த கதவுக்கு உள்ளே வரவேற்க ஆளை நிறுத்த மறந்துவிட்டு, வந்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.