கால்டெக் விளையாட்டு அணிகள்: திறந்த கதவின் நிறையும் குறையும்

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் இருக்கிறது கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம். கால்டெக் என்ற சுருக்கப் பெயரே உலகுக்குப் பழக்கம். இயற்பியல், வேதியியல் நோபல் பரிசுகளை வைத்தே அறியப்படும் இந்நிறுவனத்தில் இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அந்த ஆயிரம் பேருக்குள்ளிருந்து பதினைந்துக்கும் மேற்பட்ட அணிகள் திரட்டப்பட்டு, மற்றக் கல்லூரிகளுடன் முறையான லீக் போட்டிகளில் ஆடுகின்றன. ஆடுகிறார் என்பதற்காக யாருக்கும் உதவித்தொகை கிடையாது. படிப்பில் தேறாத ஒருவரைப் பந்து வீசும் கை உள்ளே கொண்டுவந்துவிடவும் முடியாது. நெடுங்காலம் இவ்வணிகள், படிக்க வந்தவர்களில் ஆசைப்பட்டவர்களைச் சேர்த்துக் கட்டியவையாகவே இருந்தன. அந்த வழக்கம் எதைக் கொடுத்தது, எதைக் கெடுத்தது என்பதைக் காண அணிகளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1891இல் ஆமோஸ் த்ரூப் என்ற செல்வந்தர் தொடங்கிய த்ரூப் பல்கலைக்கழகமே 1920இல் கால்டெக் என்று பெயர் மாறியது. பெயர் மாறுவதற்கு வெகு முன்பே அங்கு அமெரிக்கக் கால்பந்து ஆடப்பட்டது. 1915இல் தென் கலிஃபோர்னியாவின் சிறு கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்கென ஒரு லீக் அமைத்தபோது, ஆக்ஸிடென்டல், பொமோனா, ரெட்லண்ட்ஸ், விட்டியர் ஆகியவற்றுடன் த்ரூப்பும் நிறுவன உறுப்பினர். இன்றும் கால்டெக் அதே லீக்கில்தான் இருக்கிறது. அந்தத் தொடக்கக் காலத்தில் இந்த ஐந்தும் ஏறக்குறைய ஒரே தரம். பொறியியல் மாணவன் என்றால் ஓடத் தெரியாதவன் என்ற எண்ணம் அப்போது இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் வெள்ளி வென்ற க்ளென் கிரஹாம் கால்டெக் மாணவர்தான். தங்கம் வென்ற லீ பார்ன்ஸ் தாண்டிய அதே 3.95 மீட்டரைத்தான் அவரும் தாண்டினார். மீண்டும் தாண்டவிட்டே முதலிடத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கால்பந்து அணியின் கதை வேறு மாதிரி. பாசடீனாவில் 1922இல் கட்டப்பட்ட ரோஸ் போல் மைதானம் பல பத்தாண்டுகள் கால்டெக் அணிக்குச் சொந்த மைதானமாக இருந்தது. ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய இடத்தில் சில நூறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாட்டிலேயே அதிகமான காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடும் அணி தங்களுடையதுதான் என்று மாணவர்களே கேலி செய்துகொண்டனர். அந்த அணிக்கும் ஒரு பொற்காலம் இருந்தது: 1944இல் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. காரணம் போர். கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் வி-12 பயிற்சித் திட்டத்தின்கீழ் பல கல்லூரிகளின் இளைஞர்கள் கால்டெக் வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நல்ல ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். போர் முடிந்து அவர்கள் போனதும் வெற்றியும் போனது. அணியின் பலத்தை முடிவு செய்தது பயிற்சியோ மைதானமோ அல்ல, வாசல் வழியாக யார் உள்ளே வந்தார்கள் என்பதே. பின்னால் நடந்த அத்தனைக்கும் இதை அளவுகோலாகக் கொள்ளலாம். கால்பந்து அணி 1993இல் கலைக்கப்பட்டது. அடிபடும் ஆபத்து மிகுந்த ஆட்டத்துக்கு இத்தனை சிறிய மாணவர் கூட்டத்திலிருந்து ஆள் திரட்டுவது இனி நடக்காது என்ற நிலையில் அது சரியான முடிவுதான்.

ரோஸ் போலில் கால்டெக்கின் பெயர் பெரிதாக ஒலித்த இரண்டு நாள்களிலும் அதன் அணி ஆடவில்லை. 1961 ஜனவரியில் வாஷிங்டன், மினசோட்டா அணிகள் மோதிய ஆட்டத்தின் இடைவேளையில், வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து எழுத்துகளும் படங்களும் அமைப்பதாக ஏற்பாடு. கால்டெக் மாணவர்கள் சிலர் அதற்கான குறிப்புத் தாள்களை இரகசியமாக மாற்றி வைத்துவிட்டனர். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நாட்டின் முன் ‘கால்டெக்’ என்ற பெயர் இருக்கை வரிசைகளில் எழுந்தது. 1984இல் மின்னணு ஸ்கோர் போர்டையே கைப்பற்றி, தங்கள் போட்டி நிறுவனமான எம்ஐடியைச் சேர்த்து, கால்டெக் 38, எம்ஐடி 9 என்று காட்டினார்கள். வேடிக்கை ஒருபுறம் இருக்க, மாணவர்களின் பெருமை ஆட்டத்தை விட்டு மூளைச் சாமர்த்தியத்தின் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டதற்கு இவை அடையாளம். தோல்வியைச் சிரித்துக் கடக்கப் பழகிய நிறுவனத்தில், அணியை ஒழுங்காக நடத்த வேண்டும் என்ற அக்கறையும் மெல்லத் தேய்ந்தது.

அந்தத் தேய்வு முழுதாகத் தெரிந்த இடம் கூடைப்பந்து. 1954க்குப் பிறகு ஆண்கள் அணிக்கு லீக் பட்டம் எட்டாக் கனியாயிற்று. லீக்கில் தொடர்ந்து 99 ஆட்டங்களில் தோற்ற பின், 1980இல் பொமோனா-பிட்சர் அணியை ஒருமுறை வென்றது. அன்று தோற்ற அணியின் பயிற்சியாளர் கிரெக் பாபோவிச்; பிற்காலத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஐந்து என்பிஏ பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். 1985க்குப் பிறகு லீக்கில் வெற்றியே இல்லை: 310 ஆட்டங்கள், 26 ஆண்டுகள். லீக்குக்கு வெளியிலும் நிலை இதுவே. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏயின் உறுப்பு அணிகளிடம் தொடர்ந்து 207 முறை தோற்று, 2007 ஜனவரி 6 அன்று நியூயார்க்கின் பார்ட் கல்லூரியை 81-52 என்று வென்றபோது அது தேசியச் செய்தி ஆனது. பேஸ்பால் அணியும் சளைத்ததல்ல: 228 தோல்விகளுக்குப் பின் 2013 பிப்ரவரியில் பசிஃபிகா கல்லூரியை 9-7 என்று வென்றது.

இத்தனை தோல்விக்கு மாணவர்களின் உடல்வாகைக் காரணம் காட்டுவது சோம்பலான விளக்கம். கணக்கு எளியது. என்சிஏஏ 1973இல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. கால்டெக்கின் லீக் அடங்கிய மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது. ஆனால் வீரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதற்குத் தடை இல்லை. லீக்கின் மற்றக் கல்லூரிகள் பள்ளி அணிகளில் ஆடித் தேர்ந்தவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வந்தன; நுழைவுக் குழுவிடம் அவர்களுக்காகப் பரிந்தும் பேசின. கால்டெக் இரண்டையும் ஏறக்குறைய செய்யவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அதன் கூடைப்பந்து அணியில் பள்ளி அணிக்கு ஆடியவர்களைக் காட்டிலும் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர்கள் அதிகம் என்று சொல்லப்பட்டது. எதிரணி ஐவரும் பத்து வயதிலிருந்து பந்தோடு வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம் ஒருவர் சென்ற ஆண்டுதான் முதன்முதலாகச் சீருடை போட்டவர்.

இந்த வழக்கத்தின் பெரிய நிறையும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு பெரும்பாலும் பார்வையாளனுக்கானது. ஆட வருபவன் பதினைந்து வயதிலேயே முடிவு செய்யப்பட்டுவிடுகிறான். கால்டெக்கில் பத்தொன்பது வயதில் ஒருவர் முதன்முறையாக ஓர் ஆட்டத்தைக் கற்றுப் பல்கலைக்கழகத்துக்காகக் களம் இறங்க முடிந்தது. ஏறத்தாழ கால்பங்கு மாணவர்கள் ஏதாவது ஓர் அணியில் இருக்கிறார்கள் என்றால், அது பல்லாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகம் எதுவும் கனவு காண முடியாத விகிதம். விடுதிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகள் தனியாக இருக்கின்றன, அவை பொழுதுபோக்கு. லீக் ஆட்டம் வேறு. அதில் தினசரிப் பயிற்சி, பயணம், தன்னைவிடச் சிறந்தவனை வாரத்துக்கு இரண்டு முறை எதிர்கொள்ளும் கட்டாயம் எல்லாம் உண்டு. வீட்டிலேயே நேரம் குறித்து எழுதித் தரும் தேர்வுமுறை கால்டெக்கில் நம்பிக்கையின் பேரில் நடப்பதால், படிப்பையும் பயணத்தையும் ஒருவாறு பொருத்திக்கொள்ளவும் முடிந்தது.

குறைந்த வசதி சில நல்ல சிந்தனைகளையும் பிறப்பித்தது. 2002 வாக்கில் பொறுப்பேற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் ராய் டவ், பந்தைப் பொறுமையாகக் கைமாற்றி, நேரத்தைக் கரைத்து, சரியான வாய்ப்புக்குக் காத்திருக்கும் பிரின்ஸ்டன் பாணியைக் கொண்டுவந்தார். வேகமும் உயரமும் இல்லாத அணிக்கு எதிரியின் கையில் பந்து இருக்கும் நேரத்தைக் குறைப்பதே பாதுகாப்பு. ஐம்பது அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி, கடைசி நிமிடங்கள் வரை போராடித் தோற்கத் தொடங்கியது. இந்தக் காலத்தைப் பற்றி 2007இல் ‘குவாண்டம் ஹூப்ஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. கூடைப்பந்தைப் புள்ளிவிவரங்களால் ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான டீன் ஆலிவரும் 1980களின் கால்டெக் அணியோடு இருந்தவரே.

ஆனால் ஆவணப்படமும் செய்தித்தாள்களும் இந்தத் தோல்விகளைச் சுற்றிப் பின்னிய புகழ் மொழியை அப்படியே ஏற்பதற்கில்லை. ‘தோற்றாலும் மனம் தளராத மேதைகள்’ என்பது கேட்க இனிமையானது. அது ஒரு நிர்வாகத் தேர்வை இயற்கை விதியாக மாற்றிவிடுகிறது. நான்கு ஆண்டுகள் ஆடி ஒரு லீக் வெற்றிகூடக் காணாமல் பட்டம் வாங்கிப் போன தலைமுறைகள் அங்கே உண்டு. தோல்வி பாடம் சொல்லும் என்பது உண்மைதான். ஒரே பாடத்தை 310 முறை சொல்ல வேண்டியதில்லை. எதிரணிகளின் தரப்பும் பேசப்படுவதில்லை. அறுபது புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டம் வென்றவருக்கும் வீண் மாலைதான். லீக்கில் உறுப்பினராக இருப்பது ஓரளவு சமமான போட்டியைத் தருவோம் என்ற உடன்பாடு. அதைக் கால்டெக் பல ஆண்டுகள் நிறைவேற்றவில்லை. பெண்கள் அணிகளின் சிரமம் இன்னும் கூடுதல். கால்டெக் 1970இல்தான் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது. வெகுகாலம் அவர்களின் எண்ணிக்கை ஆண்களை விட மிகக் குறைவு. அந்தச் சிறு கூட்டத்திலிருந்து முழு அணி சேர்ப்பதே பெரும்பாடு. புதுமுக மாணவர்களில் பெண்கள் பாதியை எட்டியது 2024இல்தான்.

அக்கறையின்மையின் விலை 2012இல் தெரிந்தது. கால்டெக்கில் ஒவ்வொரு பருவமும் தொடங்கி முதல் மூன்று வாரங்கள் மாணவர்கள் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து, பிறகே எவற்றில் பதிவு செய்வது என்று முடிவெடுக்கலாம். படிப்புக்கு அது அருமையான வழக்கம். ஆனால் முழுநேர மாணவராகப் பதிவானவர் மட்டுமே ஆடலாம், பயிற்சி செய்யலாம் என்பது என்சிஏஏ விதி. அந்த மூன்று வாரங்களில் பதிவு முழுமையாகாத சிலர் ஆடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. 2011இல் விளையாட்டுத் துறை இயக்குநராக வந்த பெட்ஸி மிட்செல், 1984 ஒலிம்பிக் நீச்சல் பதக்க வீராங்கனை, இதைக் கண்டுபிடித்தார்; நிறுவனமே முன்வந்து தெரிவித்தது. 12 விளையாட்டுகளில் 30 பேர் தகுதியின்றி ஆடியதாக முடிவாயிற்று. மூன்றாண்டு கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம், அந்த அணிகளுக்கு ஓராண்டு இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை, வளாகத்துக்கு வெளியே போய் வீரர் தேட ஓராண்டுத் தடை, சம்பந்தப்பட்ட வெற்றிகள் ரத்து ஆகியவை தண்டனை. எப்போதோ வெல்லும் அணிகளிடம் வெற்றியைப் பறிப்பதும், தகுதிபெறவே முடியாத இறுதிச் சுற்றுக்குத் தடை போடுவதும் பார்த்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்தன. சிரிப்பு ஓய்ந்த பிறகும் குற்றச்சாட்டு நிற்கிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, உண்மை. ஆனால் சேர்ந்திருக்கும் சங்கத்தின் அடிப்படை விதியைப் படித்துப் பார்க்க ஆண்டுக்கணக்கில் ஒருவரும் இல்லாமல் போனது, ‘இங்கே விளையாட்டு இரண்டாம்பட்சம்’ என்ற மனநிலையின் நேரடி விளைவு. இதை அம்பலப்படுத்தியவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

இதற்கிடையில் களம் மாறத் தொடங்கியிருந்தது. 2008இல் பொறுப்பேற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆலிவர் எஸ்லிங்கர், மதிப்பெண்ணும் ஆட்டமும் ஒருசேர வாய்த்த பள்ளி மாணவர்களை நாடு முழுதும் தேடி, கால்டெக்குக்கு விண்ணப்பிக்கச் செய்தார். 2011 பிப்ரவரி 22, பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரே ஆக்ஸிடென்டல். 45-45 என்று சமன். ஆட்டம் முடிய 3.3 விநாடி இருக்கும்போது, கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். பந்து வளையத்தில் இறங்கியது. 46-45, அரங்கிலிருந்தவர்கள் களத்துக்குள் ஓடி வந்தார்கள். 26 ஆண்டுத் தொடர் அன்று முடிந்தது.

கல்வித் தரம் அணுவளவும் தளராமலே இது சாத்தியமாயிற்று என்பது பழைய சாக்கை உடைத்தது. மறுபக்கம், தேடி அழைத்துவரப்பட்ட ஒவ்வொருவரும் அணியில் ஓர் இடத்தை நிரப்புகிறார். பதினைந்து பேர் கொண்ட கூடைப்பந்து அணியில் பத்துப் பேர் அப்படி வந்துவிட்டால், விடுதியறையிலிருந்து ஆசையோடு இறங்கி வருகிற புதியவருக்கு மிச்சம் இருப்பது பெஞ்சின் கடைக்கோடி. வெற்றியும் திறந்த கதவும் ஒரே அணியில் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாது. இந்த முரணைக் கால்டெக் வெளிப்படையாகப் பேசியதை விட நழுவிப் போனதே அதிகம்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே விதி தேவையில்லை என்பதுதான் இங்கே விடுபடும் கோணம். கூடைப்பந்து, பேஸ்பால், வாட்டர் போலோ போன்றவற்றில் சிறுவயதுப் பயிற்சி இல்லாதவர் எதிரணிக்கு ஈடுகொடுக்க இயலாது. அங்கே தேடிச் சேர்ப்பது நியாயம். தடகளமும் நெடுந்தொலைவு ஓட்டமும் வேறு வகை. அவற்றில் ஒருவரின் தோல்வி மற்றவரின் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை; கடைசியாக வருபவரும் தன் நேரத்தைத் தானே முறியடிக்கலாம்; அணியில் இருபது பேர் இருந்தாலும் முப்பது பேர் இருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. புதியவர்களுக்கான கதவை அங்கே அகலத் திறந்து வைக்கலாம். முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் 2025இல் ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி வீரர்களுக்கு நேரடியாகவே, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் வரை பங்கிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. அங்கே மாணவன், ஆட்டக்காரன் என்ற இரண்டு சொற்களும் ஒருவரைக் குறிப்பது அரிதாகிவருகிறது. மூன்றாம் பிரிவில் அந்தப் பணம் இல்லை. எந்த அணி வெல்வதற்கு, எந்த அணி கற்றுக்கொள்வதற்கு என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பிரித்து முடிவெடுக்கும் சுதந்திரம் அங்கே இன்னும் இருக்கிறது. கால்டெக் போன்ற நிறுவனம் அதற்குச் செய்ய வேண்டியது நுழைவுக் கொள்கையை மாற்றுவது அல்ல. ஒவ்வோர் அணியிலும் புதியவர்களுக்கு எத்தனை இடம் என்பதை எழுத்தில் வைப்பதும், விதிகளைப் படிக்கும் பொறுப்பை ஒருவர் கையில் கொடுப்பதும்தான்.