அன்பு கேட்கும் முதற் கேள்வி

ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' தமிழ்ச் சிறுகதைகளுள் பெரும் விவாதத்தை எழுப்பியது. ஒழுக்கத்தைத் தளர்த்துகிறது என்று ஒரு சாரார் கண்டித்தனர். மனிதநேயத்தின் உச்சம் என்று மறுசாரார் போற்றினர். அறநெறித் தேர்வுக்கு அன்பு வழிகாட்ட இயலுமா என்பதே அக்கதை நம்முன் வைக்கும் கேள்வி என்று தோன்றுகிறது.

மழை பெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்துநின்ற ஏழைக் கல்லூரி மாணவியைக் காரில் வந்த ஒருவன் ஏற்றிச் சென்று, அவளது பேதைமையைத் தன் இச்சைக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். வீடு திரும்பியவள் தாயிடம் அழுதபடி உண்மையைச் சொல்கிறாள். தாய் அலறுகிறாள், அடிக்கிறாள். அதே வீட்டில் குடியிருப்போர் என்னவென்று கேட்கும் நொடியில் தன்னை மீட்டுக்கொள்கிறாள். ஏதோ சமாதானம் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, மகளின் தலையில் நீரூற்றி, அந்நீரை நெருப்பென எண்ணிக்கொள்ளச் சொல்லி, அவள் தூய்மையானவளே என்று தேற்றுகிறாள்.

எங்கள் செவிலிமேட்டைப் போன்ற நெசவாளர் ஊர்களில் தறியோசை சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வீட்டுப் பேச்சும் அவ்வாறே. ஆகவே, அத்தாய் வென்றது எத்தகைய அச்சத்தை என்பதை நம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வச்சத்திடம் தோற்றிருந்தால்? அதற்கும் ஜெயகாந்தனே விடை எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) நாவலில் நிகழ்ச்சி அதுவே. தாயின் அலறல் மட்டும் அடங்கவில்லை. செய்தி பரவுகிறது. தமையன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அடைக்கலம் தந்த மாமனின் பார்வையிலோ களங்கம். கங்கா படித்து, உயர்ந்த பணியில் அமர்கிறாள். எனினும் அவள் வாழ்வு அந்த ஒரு நாளோடு கட்டுண்டு கிடக்கிறது. பின்னர் அவள் 'அக்னிப் பிரவேசம்' கதையைத் தன் தாயையே படிக்கவைக்கிறாள். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலின் மிகக் கூரிய இடம் அதுவே.

சிறுகதை வெளிவந்த அதே 1966-இல் அமெரிக்க இறையியலாளர் ஜோசப் ஃபிளெட்சர், அன்பு ஒன்றே அளவுகோல், ஏனைய விதிகள் சூழலுக்கேற்ப விலகலாம் என்று எழுதினார். இத்தகைய சூழ்நிலை அறநெறியைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-லேயே எச்சரித்திருந்தார். தன் விருப்பத்துக்கு அன்பென்று பெயர்சூட்டிக்கொள்வது மனித இயல்பு என்பதால் அவ்வெச்சரிக்கை இன்றும் தேவையே. அன்பிருந்தால் விரும்பியதைச் செய்யலாம் என்ற புனித அகுஸ்தினாரின் கருத்தைச் சலுகையாகக் கொள்வாரும் உண்டு. தந்தையின் கண்டிப்பிலும் அன்பு இருக்கலாம், கடத்துவோனின் கொஞ்சலில் அது இராது என்று அதே மறையுரையில் அவர் விளக்குவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கதையின் தாய் இறைக்கட்டளை எதையும் தளர்த்தவில்லை. ஊரார் வகுத்த மானம் என்னும் விதியையே மீறினாள். அவ்விதியைக் காத்த தமையனோ அன்புக் கட்டளையை மீறினான். 'ஊர் என்ன சொல்லும்?' என்பது அவனது முதற் கேள்வி. 'என் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது?' என்பது அவளுடையது. கட்டளைக்கும் வழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பதே அன்பின் வழிகாட்டல்.

ஆயினும் கதையில் குறை இல்லாமல் இல்லை. தீங்கிழைக்கப்பட்டவளுக்குத் தூய்மைச் சடங்கு எதற்கு? நீரூற்றும் கை, கழுவ ஏதோ அழுக்கு இருந்ததாக ஒப்புக்கொள்கிறது. காரில் வந்தவனோ எக்கேள்வியுமின்றிப் போய்விடுகிறான். யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திலும் பெண் மட்டுமே இழுத்துவரப்படுகிறாள், ஆண் அங்கில்லை. இயேசு அப்பெண்ணைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. கல்லேந்தியவர்களின் மனச்சான்றையும் விசாரித்தார். கதைத் தாயின் அன்பு முதற் பணியை மட்டும் செய்தது. தனித்து நின்ற அவளால் அன்று அதற்குமேல் இயன்றிராது.

இன்று நிலை வேறு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதை 1983 முதல் சட்டம் தண்டிக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இழைக்கப்படும் குற்றத்தை மறைக்காமல் தெரிவிக்க வேண்டுமென 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. பிள்ளையைக் காப்பதும் நீதி கேட்பதும் இனி ஒன்றுக்கொன்று பகையல்ல. பிள்ளையை அணைத்துக்கொண்ட பிறகு, குற்றவாளி எங்கே என்று கேட்கவும் அன்பு கடமைப்பட்டிருக்கிறது.