பழைய வில்லுக்குப் புது நாண்

அமெரிக்காவின் மிச்சிகனில், கிரேலிங் ஊரில் ஒரு காலத்தில் செய்த ‘பேர்’ (Bear) நிறுவனத்து வேட்டை வில்லைக் கையில் எடுத்தால், புதிது வாங்கும் யோசனை தானாகத் தள்ளிப்போகும். பல உள்ளங்கைகள் பட்டு வழவழத்த மரப்பிடி. அதில் பதித்த சிறு வட்டை கட்டைவிரல் தேடிப் போய்த் தடவும். மயங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். நாணேற்றி ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டினால், மேல் பட்டையிலும் கீழ் பட்டையிலும் நாண் நட்டநடுவே ஓட வேண்டும். பட்டைகளின் மேல் ஒட்டிய கண்ணாடியிழை மரத்தைவிட்டுப் பிரிந்திருந்தால் விரல்நுனிக்குத் தட்டுப்படும். அப்படியானால் அது சுவரில் மாட்டத்தான். தயங்காமல் புதிது வாங்கலாம்.

தேறிவிட்டால் செலவு சொற்பம். ஒரு டாக்ரான் நாண், அம்பு கோக்கும் இடத்தில் ஒரு பித்தளை வளையம், அம்பு உரசும் இடத்தில் ஒட்ட ஒரு துண்டு மயிர்த்தோல். இழுபடாத புதுவகை நாண்கள் பழைய வில்லின் முனைகளைப் பிளந்துவிடக்கூடும். டாக்ரான் சற்றே இழுபட்டு அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். நாணை இரண்டு முறுக்குக் கூட்டி, எய்து பார்த்து, ஒரு முறுக்குத் தளர்த்தி, மறுபடி எய்து, சடசடப்பு அடங்கி ‘தும்’மென்று தணியும்வரை காதாலேயே சரிசெய்கிற அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். கப்பி வைத்த புது வில் வேகத்தில் வெல்லும்தான். மான் பக்கத்தில் வரும்வரை அசையாமல் காத்திருக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பழைய வில் தாராளமாகப் போதும்.