பெயரில்லாத நால்வர்

சென்னைக் கடற்கரைச் சாலையில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தவையே ஒரு வரிசை. பீடத்திலுள்ள பெயரைப் படித்தால்தான் பலரை எனக்கு அடையாளம் தெரிகிறது. எழுத்துப் பேசுகிறது; சிலை பேசக் காணோம்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை பெயரை நம்பி நிற்கவில்லை. நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டப் பார்க்கிறார்கள். தோளும் விலாவும் முறுக்கேறியிருக்கின்றன, பாறையோ அசைந்தபாடில்லை. 'உழைப்பின் வெற்றி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெற்றிக்கு முந்திய கணத்தையல்லவா சிற்பி பிடித்திருக்கிறார்! பார்க்கிற நமக்கே தோள் வலிக்கிறது. அவர் செய்த காந்தியும் சும்மா நிற்பதில்லை, நடக்கிறார்.

இனிச் சிலை வைப்பவர்கள், 'யாருக்கு?' என்பதோடு நிற்காமல், 'அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?' என்றும் கேட்கலாகாதா?