தலைப்பின் எல்லை

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் நம் மாணவர் பலர், “மலாயாத் தமிழர் வரலாறு” என்று தலைப்பிட்ட பின்னரே எழுதுகோலை எடுக்கின்றனர். இருபது பக்கங்களுக்குள் இராஜேந்திர சோழனும் வரவேண்டும், செம்பனைத் தோட்டமும் வரவேண்டும். படித்து முடித்தபின் ஒரு தோட்டத்தின் பெயராவது நம் நெஞ்சில் நிற்பதில்லை.

கெர்னியல் சிங் சந்து மலாயா இந்தியரைப்பற்றி 1969இல் வெளியிட்ட பெருநூலுக்கே, குடியேற்றத்தின் சில கூறுகள், 1786 முதல் 1957 வரை என்று வேலியிட்டார். புள்ளிவிவரம் வேண்டுவோர்க்கு அந்நூல் ஒரு களஞ்சியம். ஆனால் பால்வெட்டுபவரின் குரலை அதில் தேடுவது வீண். ரவீந்திர ஜெயினோ 1962, 1963ஆம் ஆண்டுகளில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் ஆராய்ந்து, அதற்குப் ‘பால் மெலாயு’ என்னும் மாற்றுப்பெயர் சூட்டி, 1970இல் நூல் வெளியிட்டார். துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிநிலை அதில் துலங்குகிறது. (கிராணிகளாகிய நமக்கு அஃது இனிய வாசிப்பன்று.) ஒரு தோட்டம் எல்லாத் தோட்டங்களுக்கும் அளவுகோலாகாது என்பது மெய்யே. மாற்றுப்பெயரால் அத்தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் அதைத் தமதென்று அறியவும் வழியில்லை. ஆயினும் நாம் ஜெயின் பக்கமே சாய்வோம்.

நம் மலாக்கா மாணவர் ஒருவர் சயாம் ரயில்பாதையை எடுத்துக்கொள்வதாக வைப்போம். ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அதை முழுதும் எழுதப் புகுந்தால் பிறர் நூல்களைச் சுருக்குவதன்றி வேறு செய்ய இயலாது. “ஜாசின் மாவட்டத்தில் இன்ன தோட்டத்திலிருந்து போனவர் யார், மீண்டவர் யார்?” என்று கேட்டாலோ, வேலை கைக்கு அடங்கும். 1941ஆம் ஆண்டுச் செக்ரோலையும் 1946ஆம் ஆண்டுச் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒப்பிட வேண்டும். பின்னதில் இல்லாதவர் எல்லாரும் சயாமில் மாண்டவர் என்று எழுதிவிடலாகாது. வேறு தோட்டம் போனவர் உண்டு. ஊர் திரும்பியவர் உண்டு. லயத்திலேயே காய்ச்சலில் இறந்தவரும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் குடும்பத்தாரை உசாவியே முடிவு கூறவேண்டும். கணவன் பெயர் மறைந்து, மனைவி பெயர் மட்டும் புதிதாய்ப் பால்வெட்டில் ஏறியிருக்குமாயின், அந்த வரியில் ஒருநாள் முழுதும் நிற்கலாம்.

செக்ரோல் அழிந்துபோன தோட்டமாயின் தலைப்பைச் சற்றே அகட்டி, அண்டையிலுள்ள இரண்டு தோட்டங்களையும் சேர்த்துக்கொள்க. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எஞ்சியிருக்குமானால், 1946இல் தந்தை பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க.