இரவற் கொழுவும் எ-கலப்பையும்

அறிவைப் பொதுவாக்கல் நன்றென்பதில் இருவேறு கருத்தில்லை. ஆயின், பொதுவாக்கப்படும் பொருளின் அடித்தளம் யாருடையது என்னும் வினாவை நம்மவர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. திறந்த மூலநிரல் இயக்கத்தைப் போற்றுவோர் சட்டத்தின் கண்கொண்டும் அதனை நோக்குதல் வேண்டும். இதற்குத் தமிழுலகிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு, அதுவே எ-கலப்பை.

கணினியில் தமிழைத் தட்டெழுத உதவிய இலவச மென்பொருள் அது. 'தமிழா' குழுவினர் வெளியிட்ட அதன் தொடக்கப் பதிப்புக்கள், அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் 'கீமான்' என்னும் இயந்திரத்தின்மேல் இயங்கின. விசைப்பலகை வரைவுகள் தமிழருடையவை. அவற்றை இயக்கிய பொறியோ தனியுடைமை. கலப்பை நமது, கொழு இரவல் என்க.

இதில் இடர் யாது? தனியுடைமைப் பொருளைப் பிறர்க்கு வழங்கும் உரிமை, உடையவர் தந்த அனுமதியின் அளவிலேயே நிற்கும். நிறுவனம் கைமாறி நிபந்தனை மாறினால், நம் பங்கு நம்மிடம் இருந்தும் பயன்படாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களை நூல்களோடு ஒருங்கே வைத்துக் காக்கின்றது. ஆகலின், 'இலவசமாகவே கொடுத்தோம்' என்பது தக்க விடையாகாது. 1707இல் தொகுக்கப்பட்ட நம் தேசவழமை, பிறர் நிலத்தில் மரம் நட்டோனுக்கும் பங்குண்டெனக் கண்டது. மென்பொருள் உலகில் அத்தகைய வழமை இல்லை; எழுதப்பட்டதே பங்கு.

கூகிள், ஒரக்கிள் வழக்கைக் காட்டி அச்சம் வேண்டாவென்பாரும் உளர். 2010இல் தொடங்கி 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் முடிந்த அவ்வழக்கில், ஜாவாவின் ஏறத்தாழ 11,500 வரிகளை அண்ட்ரொயிட்டில் எடுத்தாண்டமை நியாயமான பயன்பாடென நீதியரசர் அறுவர் தீர்த்தனர், இருவர் மாறுபட்டனர். அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டோ என்ற வினாவை மன்று தீர்க்காது விடுத்தது. பத்தாண்டுக்கு மேல் வழக்காடக் கூகிளிடம் பொருளுண்டு. ஓய்வுப்பொழுதில் நிரலெழுதும் தன்னார்வலரிடம் உண்டோ? வறியோனுக்கு வழக்கின் வெற்றியும் தோல்வியாகலாம்.

எ-கலப்பையார் தெரிந்த வழி வேறு. மூன்றாம் பதிப்பில் இரவல் இயந்திரத்தை நீக்கித் தமதை அமைத்து, மூலநிரலையும் திறந்துவைத்தனர். கீமானும் 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் கைக்கு வந்து, 2018இல் வெளியான பத்தாம் பதிப்பில் திறந்த மூலநிரலாயிற்று. முடிவு நன்றே. எனினும், பின்னது உடையவரின் நல்லெண்ணத்தால் விளைந்தது. முன்னது உழைத்தோரின் முன்னறிவால் விளைந்தது. நாம் நம்பத்தக்கது முன்னதே.

இரவல் கொள்ளல் குற்றமன்று; அஃதின்றேல் பலர் தமிழில் எழுதக் காலந் தாழ்ந்திருக்கும். ஆயினும், மென்பொருள் ஆக்கப் புகும் மாணவர் உரிமப் பத்திரத்தை முதலிற் படித்து, அனுமதியை எழுத்திற் பெற்று, இரவற் பகுதியைக் கழற்றி மாற்றத்தக்கதாய் அமைத்தல் கடன். கொழு மாறினும் உழவு நில்லாதிருத்தல் வேண்டும்.